எட்டாவது அடியில் விழும் எந்திரம்

அந்த நோட்டு என் வீட்டுக்கு வந்தபோது இரண்டு வேப்பங்கொத்துகளுக்கு நடுவே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற கோடு போட்ட நோட்டு. கொண்டு வந்தவர் அதைக் கையால் தொடவில்லை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவது போல, இரு பக்கமும் இலையைக் கொடுத்துப் பிடித்து, மஞ்சப்பையிலிருந்து என் மேசைமேல் இறக்கினார்.

“வெறுங்கையில தொடாதீக சார்.”

தொட்டேன். வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எலி குட்டி போட்ட கோப்பைப் பிரித்து, குட்டிகளை ஓரமாக நகர்த்திவிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு நோட்டுக்குப் பயந்தால் ஓய்வூதியத்துக்கே அவமானம்.

ஓய்வுக்குப் பிறகு உத்தமபாளையத்து வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேவை மனப்பான்மை என்று தெருவில் சொன்னார்கள். உண்மையில், புரட்டக் கோப்பு இல்லாமல் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு இரண்டு விதிகள். ஆவணம் இல்லாமல் மனு இல்லை. ஆவணத்தை நம்பவும் கூடாது. மனுவோடு வருகிறவர் சொல்வதில் ஒரு பகுதி பொய்யாக இருக்கும். இன்னொரு பகுதியும் பொய்தான், ஆனால் அதை அவரே நம்பிக்கொண்டிருப்பார். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து.

இவர் இரண்டாவது வகை. கம்பத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் திராட்சை விவசாயி. ஒன்றரை ஏக்கர் பந்தல், அத்தனையும் பன்னீர் திராட்சை. தம்பிக்கு சவூதியில் வேலை. தம்பி மனைவி அதே வீட்டில் மாடி அறையில் இருந்தாள். கீழே இவர் குடும்பமும் இவருடைய தாயாரும்.

“தம்பி பொஞ்சாதி எந்திரம் செஞ்சு வச்சிருக்கா சார்” என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்திரம் இரண்டு வகை. மாவு அரைப்பது, தண்ணீர் இறைப்பது ஒரு வகை. செப்புத் தகட்டில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எண்ணும் எழுத்தும் கீறி, வேண்டாதவன் நிலத்தில் புதைப்பது இன்னொரு வகை. மலைக்கு அந்தப் பக்கம் குமுளி தாண்டி எழுதி வந்த தகடு என்றால் தனி மரியாதை. மாவு அரைக்கிற எந்திரத்துக்கு யாரும் வேப்பிலை கட்டுவதில்லை என்பதால், அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“சாட்சி?”

“எங்கம்மாதான் சாட்சி. வெள்ளிக்கிழம மத்தியானம் தவறாம செல்லுல பேசுறா. மாடிப்படிக்குக் கீழ நின்னு எங்கம்மா கேட்டுருக்கு. ‘எந்திரத்த எழுப்பிட்டேன், நெஞ்சு வட்டத்துல ஏழு அடி அடிச்சேன், எட்டாவதுல விழுந்துருச்சு’ங்கிறா. அன்னைக்குச் சாயந்தரமே எம் பந்தல்ல பழம் பூரா வெடிச்சுப்போச்சு சார்.”

“அன்னைக்கு மழை பேஞ்சுச்சா?”

“பேஞ்சுச்சு.”

“பழுத்த கொத்துல மழை விழுந்தா வெடிக்காதா?”

“வெடிக்கும். மழைய யாரு வரவச்சா?”

முப்பத்தாறு வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னிடம் கேட்காத கேள்வி.

அவருக்கு வேண்டியது காவல் நிலையத்துக்கு ஒரு மனு. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கெங்குவார்பட்டியிலிருந்து அவளுடைய தகப்பனை வரவழைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வது. “நாளைக்குத் தம்பி கேட்டா காட்டுறதுக்குக் காயிதம் வேணும்ல சார்” என்றார். காகிதத்தின் அருமை தெரிந்தவர். ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்பக் காரணம் இருக்கிறதோ இல்லையோ, காகிதம் இருக்க வேண்டும்.

நோட்டை ஒரு வாரம் என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ‘கையெழுத்து நோட்டு ஒன்று. வேப்பிலை நீங்கலாக.’

அன்று மதியமே சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். உருண்டையான, பத்தாம் வகுப்புக் கையெழுத்து. சில பக்கங்களில் படங்கள். வீடு உயரத்துக்கு ஓர் உருவம், அதன் முழங்கால் அளவுக்கு ஒரு ஆள். உருவத்தின் நெஞ்சில் வட்டம். வாசகங்கள் இந்த மாதிரி இருந்தன:

‘முதல் வாசல். காவல் நாலு. பெரியவன் திரும்பையில ஓடணும்.’

‘கிணத்துக்குள்ள சிவப்புக் கல். மூணு கல்லும் வச்சாத்தான் எந்திரம் எழும்பும்.’

‘மூணாவது தூணைத் தள்ளுனா பெட்டி. பெட்டிக்குள்ள நெருப்பு வாள். ஒருதரம்தான் எடுக்கலாம்.’

‘கறுப்புக் கவசம் போட்டா அம்பு ஏறாது. ஆனா நீந்த முடியாது.’

‘பச்சைக் குடுவை குடிச்சா ஒரு உயிர் கூடும்.’

ஏழெட்டு இடங்களில் ‘செத்தாச்சு. மறுபடி மொதல்லருந்து’ என்று எழுதியிருந்தது. முதல் சில பக்கங்களில் ஒரு சொல்லை ஊதா மையால் எழுதி, பிறகு கறுப்பு மையால் அழுத்தி அடித்து, மேலே ‘எந்திரம்’ என்று திருத்தியிருந்தது. அடித்த சொல்லைப் படிக்க முடியவில்லை. ‘அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் இல்லை’ என்று ஓரத்தில் குறித்தேன். பழக்கம்.

செய்வினை என்ற பேச்சை நான் ஒரு நொடியும் நம்பவில்லை. படித்தவன். ஆகவே அதைவிட மோசமான ஒன்றை நம்பினேன்.

காவல் நான்கு பேர். தூணுக்கு அடியில் பெட்டி. கிணற்றுக்குள் கல், அதுவும் சிவப்புக் கல். இது மாந்திரீகமா? இது புதையல். யாரோ எதையோ எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ புதைத்திருக்கிறார்கள். இந்தப் பெண் அதற்குக் கணக்குப்பிள்ளை. உயிர், கவசம், குடுவை எல்லாம் குறிச்சொற்கள். புதையல் சட்டத்தில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. பணியில் இருந்தபோது ஏர் முனையில் ஒரு பானை அகப்பட்டது. நடைமுறைப்படி நான் பதினோரு கடிதம் எழுதி, முத்திரை உடைத்துத் திறந்து பார்த்ததில், உள்ளே களிமண் இருந்தது. அந்த ஏமாற்றம் எனக்குள் இத்தனை காலம் பத்திரமாக இருந்திருக்க வேண்டும்.

நோட்டின் நடுப்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம் இருந்தது. மூலையில் வட்டமாகக் கிணறு, பக்கத்தில் வரிசையாகத் தூண்கள். விவசாயியை வரவழைத்து, அவர் நிலத்தின் புலப்படத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி வரச் சொன்னேன். மெல்லிய தாளில் நோட்டுப் படத்தைப் பிரதி எடுத்து, புலப்படத்தின் மேல் வைத்துத் திருப்பினேன். முதல் திருப்பலில் பொருந்தவில்லை. இரண்டாவதில் பொருந்தவில்லை. மூன்றாவதில் கிணறு கிணற்றின் மேல் உட்கார்ந்தது; தூண்கள் பந்தல் கல்தூண்களின் மேல் வரிசையாக நின்றன. மூன்றாவது தூண் வடகிழக்கு மூலையில் விழுந்தது. நான்காவது திருப்பல் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் செய்யவில்லை.

ஒரு கிணறும் நான்கு எல்லையும் உள்ள எந்தப் படமும் எந்த நிலத்தின் மேலும் ஏதாவது ஒரு பக்கம் பொருந்தும் என்பதை நில அளவையில் நேற்று சேர்ந்தவன்கூடச் சொல்லுவான். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

“இதோ பாருங்க” என்று விவசாயியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “வடகிழக்கு மூலையில யாரும் கை வைக்கக் கூடாது. அங்க எது இருந்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்காம தோண்டுறது குற்றம்.”

“அங்கன என்ன சார் இருக்கு?”

“எதுவும் இருக்குன்னு நான் சொல்லல.”

தோண்டாதே என்று அரசாங்கம் சொன்னால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. இது நம் மக்களின் சட்ட அறிவு. பெரும்பாலும் சரியான அறிவும்கூட. மறுநாள் காலையிலேயே இரண்டு ஆளை வைத்துத் தோண்டிவிட்டார். கடப்பாரை முதலில் மண்ணுக்கடியில் போன தண்ணீர்க் குழாயை உடைத்தது. ஊறிய மண்ணில் மூன்று கல்தூண்கள் சாய்ந்தன. அவற்றோடு பந்தலில் ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது.

சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் இல்லை. வெற்றி இருந்தது.

“கெடச்சிருச்சு சார்!”

வேப்பிலைக் கொத்தால் பிடித்து நீட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. பச்சை பூத்திருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் எண்கள்.

நான் கைக்குட்டையால் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தேன். “குதிரைத்திறன் அஞ்சு. வோல்ட் நானூத்திப் பதினஞ்சு. உங்க அப்பா காலத்துப் பம்புசெட்டுத் தகடுங்க இது.”

“கட்டம் போட்டு நம்பர் போட்டிருக்குல்ல? எந்திரம்தான?”

“எந்திரத்தோடதுதான். தண்ணி எறைச்ச எந்திரத்தோடது.”

“எந்திரத்தோடதுன்னு நீகளே ஒத்துக்கிட்டீக” என்றார், பக்கத்தில் நின்ற இரண்டு ஆட்களையும் சாட்சிக்குப் பார்த்து.

அதோடு விஷயம் முடிந்துவிட்டது. தகடு கிடைத்ததை ஓர் ஓய்வு பெற்ற அதிகாரியே நேரில் பார்த்து உறுதி செய்திருக்கிறார். தோண்டியதற்குத் தகடு கோபப்பட்டு, பந்தலும் விழுந்திருக்கிறது. இனி மனுகூடத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை காலை கெங்குவார்பட்டியிலிருந்து தகப்பன் வர வேண்டும், மகளைக் கூட்டிப் போக வேண்டும் என்று அன்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“எல்லாஞ் சரி. நோட்டு எழுதுன புள்ளகிட்ட யாராச்சும் கேட்டீகளா?”

எதிர்மனுதாரரை விசாரிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது இந்த நாட்டு நிர்வாகத்தின் முதல் பாடம். அதை மீறியதற்காகக் கீழே இருந்தவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறேன். எனக்கு அனுப்ப ஆள் இல்லாததால், என் மனைவி அனுப்பினாள்.

மறுநாள், புதன்கிழமை முற்பகல், அந்த வீட்டுக்குப் போனேன். கிழவியம்மா மாடிப்படிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “மேல நான் வரமாட்டேன். ரெண்டு மாசமாச்சு நான் மாடிக்கு ஏறி. போறதுன்னா நீக போங்க, போய்ட்டு வந்து காலக் கழுவிக்கங்க” என்றார்.

மாடி அறைக் கதவு திறந்துதான் இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். அறையில் ஒரு கட்டில், அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி., அதன் கீழே கறுப்பாக ஒரு பெட்டி, அதிலிருந்து வயரோடு தொங்கும் பித்தான்கள் வைத்த ஒரு கைப்பிடி.

“எந் நோட்ட எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சீக?” என்று கேட்டாள்.

விசாரணை அதிகாரியிடம் எதிர்மனுதாரர் கேள்வி கேட்பது நடைமுறை இல்லை. “முழுக்கப் படிச்சேன்” என்றேன்.

“மூணாவது வாசல் புரிஞ்சுச்சா? அங்கதான் அவுக நிக்கிறாக.”

“எவுக?”

“எங்க வீட்டுக்காரவுக.”

பிறகு அவளே சொன்னாள். போன விடுமுறைக்கு வந்தபோது கணவன் அந்த வீடியோ கேம் பெட்டியைக் கொண்டு வந்தான். இரண்டு மாதம் இருவரும் விளையாடினார்கள். போகும்போது பெட்டியை இங்கேயே விட்டுப் போனான்; அங்கே அறையில் கூட்டாளிகளோடு இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது. விளையாட்டில் வருகிற எழுத்து ஜப்பானோ சீனமோ, ஒன்றும் புரியாது. எந்த வாளை எங்கே எடுப்பது, எந்தக் குடுவையைக் குடித்தால் சாவு, எதைக் குடித்தால் உயிர் என்று செத்துச் செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு நினைவுச் சில்லு செருக வேண்டுமாம், அது இவர்களிடம் இல்லை. அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே நோட்டு.

“வெள்ளிக்கிழம அவுகளுக்கு லீவு. போன் பண்ணுவாக. சாப்டியாம்பாக. சாப்டேம்பேன். மழை பேஞ்சுச்சாம்பாக. அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இருக்காது சார். இப்பத்தான் போன வைக்க மனசு வரமாட்டேங்குது அவுகளுக்கு. இந்த வாரம் மூணாவது வாசலச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நோட்டு கையில இல்ல.”

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இவ்வளவு நியாயமான காரணத்தை யாரும் உண்மையாக வைத்திருப்பதில்லை.

“இத உங்க மாமியார்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா? ‘கல்யாணம் கட்டுன பொம்பள பொம்ம வெளையாட்டு வெளையாடுறா’ன்னு ஊரே சிரிக்கும். டி.வி.யத் தூக்கிக் கீழ வச்சிருவாக. வெளையாட்டுக்காரின்னா சிரிப்பாக சார். செய்வினைக்காரின்னா படியேற மாட்டாக.”

சொல்லிவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, “ஆனா அப்பாவ வரச் சொல்லுவாகன்னு நெனைக்கல” என்றாள். “போனா திரும்ப வர முடியாது சார். செய்வினைக்காரின்னு அனுப்புன வீட்டுக்கு எவ திரும்ப வர முடியும்?”

நிரூபிக்கச் சொன்னேன். பெட்டியை முடுக்கினாள். கைப்பிடியை என்னிடம் கொடுத்து, “நீகளே பாருங்க” என்றாள். திரையில் ஈட்டியோடு ஒரு சிறிய ஆள் நின்றான். நான் ஒரு பித்தானை அழுத்தினேன். ஆள் நேராக நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்தான். மறுபடி நின்றான். மறுபடி அதே பள்ளம். மூன்றாம் முறையும் விழுந்தபின் திரை இருண்டது.

“மூணு உயிரும் போச்சு. காவல்காரன்கிட்டக்கூடப் போகல நீக” என்றாள். முதல் முறையாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நான் அங்கே இருந்தேன். தகப்பனார் ஆட்டோவைத் தெருவில் நிறுத்திவிட்டு, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். பேசுகிற ஆளாகத் தெரியவில்லை. மகளின் துணிப்பெட்டி படிக்குக் கீழே வந்துவிட்டிருந்தது.

நான் விவசாயியிடம் சொன்னேன்: “தல ஆய்வு ஒண்ணு பாக்கி இருக்கு. மேல வந்து உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் அனுப்புறதுன்னா அனுப்புங்க. பாக்காம அனுப்புனா, நாளைக்கு உங்க தம்பிகிட்ட நானே வந்து சாட்சி சொல்லுவேன், யாரும் பாக்கலன்னு.”

காகிதத்துக்குப் பயப்படுகிறவர் சாட்சிக்கும் பயப்படுவார். இரண்டு கையிலும் வேப்பிலையோடு படியேறினார். பின்னால் தகப்பனார். கிழவியம்மா பாதிப் படி வரை வந்து நின்றுகொண்டார்.

அந்த வருடம் எங்களுக்குப் பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. எந்திரம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவள் முந்தாநாளே சொல்லியிருந்தாள். பதினொன்றுக்குத் தொடங்கினாள். நோட்டு என் மடியில் இருந்தது. அவளுக்கு அது தேவைப்படவில்லை. முதல் வாசலில் பெரியவன் திரும்பியபோது ஓடினாள். தூணைத் தள்ளினாள், பெட்டி வந்தது, வாள் எரிந்துகொண்டே வெளியே வந்தது. விவசாயி ஒவ்வொன்றுக்கும் என் மடியிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். தணிக்கைக்கு வந்தவர்கள்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது வாசலில் அவசரப்பட்டு அம்பு பட்டுச் செத்தாள். “ஒரு உயிர் போச்சு” என்றாள். விவசாயி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

“எம் மக கோலிக்குண்டுலயே எவனையும் செயிக்க விடமாட்டா” என்றார் தகப்பனார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

பதினொன்று ஐம்பதுக்கு மூன்று கல்லும் வைத்தாயிற்று. திரையில் மலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எழுந்து நின்றது. இரும்புக் கால், இரும்புக் கை, நெஞ்சில் வட்டமாகச் சிவப்பு வெளிச்சம். டி.வி.யின் சின்னப் பெட்டிக்குள் அது தலை இடிக்காமல் நிற்க முடியவில்லை. விவசாயி பின்வாங்கிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். அடுத்து நடந்தது நானே எதிர்பாராதது. அவள் ஆள் பாய்ந்து முதல் வெட்டு விழுந்ததும், அவர் வாய்விட்டு எண்ணினார்.

“ஒண்ணு.”

அது கையை ஓங்கியது. அவள் ஓடினாள், சுற்றி வந்தாள்.

“ரெண்டு. மூணு. ஏத்தா, பின்னால, பின்னால வருது பாரு!”

ஐந்தாவதுக்கு வேப்பிலை கீழே விழுந்துவிட்டது. ஏழாவதுக்கு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டாவது அடியில் அந்த மலையளவு எந்திரம் மண்டியிட்டு, மெல்ல முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விழுந்த அதே நொடி டி.வி. அணைந்தது. மின்விசிறி நின்றது. என் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் பாக்கி. மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தியதற்காக நான் யாரிடமும் முறையிடாத ஒரே நாள் அது.

இருட்டான திரையைப் பார்த்துக்கொண்டே விவசாயி கேட்டார்: “செத்துருச்சா?”

“செத்துருச்சு மாமா.”

“இனிமே வராதுல்ல?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “மறுபடி மொதல்லருந்து வரும் மாமா. அதுக்குச் சாவே இல்ல. விழுக விழுக எந்திரிக்கும். அடிச்சுக்கிட்டே இருக்கணும்.”

பெட்டியை முடுக்கினால்தான் வரும், முடுக்காவிட்டால் வராது என்பது எனக்குத் தெரியும். விசாரணை அதிகாரி என்ற முறையில் அந்த இடத்தில் குறுக்கிட்டு விளக்கம் கேட்டிருக்க வேண்டும். கதவு வழியே கீழே முற்றத்தில் அவள் துணிப்பெட்டி தெரிந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு நிலையில் கிழவியம்மா நின்றார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முழுப் படியும் ஏறியிருந்தார். “இத்தன நாளா ஒத்தையிலயா அத அடிச்ச?” என்று கேட்டார்.

விவசாயி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “ஆத்தா, இத தினமும் அடி. ஒரு நாளும் விட்றாத. கரண்டு போகு முன்னாடி அடிச்சு முடிச்சிரு.” தகப்பனார் பக்கம் திரும்பினார். “மாமா, நீக சாப்டுட்டுக் கெளம்புங்க. இவ ஒங்களோட வந்துட்டா பந்தல யாரு பாக்குறது?”

ஒரு மணிக்கு செல்போன் அடித்தது. அவள் எடுப்பதற்குள் விவசாயி எடுத்துவிட்டார். “ஏலே தம்பி! எட்டாவது அடியில விழுந்துருச்சுலே! நாங்க பாத்துட்டோம்ல!” அந்த முனையில் சவூதியில் நின்றிருந்தவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் ஐந்து நிமிடம் அவனுக்கு மூன்றாவது வாசலை விளக்கினார், தப்பும் தவறுமாக. அவள் பக்கத்தில் நின்று போனுக்காகக் கையை நீட்டியபடியே திருத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த காய்ப்பு நன்றாக வந்தது. மழை தள்ளிப் போனதுதான் காரணம் என்று நான் சொன்னேன். மழையை யார் தள்ளி வைத்தது என்று அவர் கேட்டார். அது பிறகு நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை, கிளம்பும் முன், நோட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பக்கங்களைச் சரிபார்ப்பது வழக்கம். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தபோது, முதல் பக்கத்தில் கறுப்பு மை அடித்து மறைத்த ஊதாச் சொல் தாளின் மறுபுறம் தெளிவாகத் தெரிந்தது. ‘ரோபோ’. இரண்டாம் பக்கத்தில் ‘ரோபோ’. ஆறு பக்கம் வரை அத்தனை இடத்திலும் ‘ரோபோ’ என்றுதான் எழுதியிருந்தாள். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து அத்தனையையும் கறுப்பு மையில் எந்திரம் ஆக்கியிருக்கிறாள். ஏழாம் பக்கத்திலிருந்து நேரடியாகவே எந்திரம்.

“இந்த நோட்டு உங்க மாமியாருக்கு எங்க கெடச்சுச்சு?”

“மாடிப்படியில. நாலாவது படியில.”

“எப்படி அங்க போச்சு?”

“விழுந்திருக்கும்.”

“ரோபோவ ஏம்மா அடிச்ச?”

அவள் படிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கீழே மாமியார் தகப்பனாருக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

“எங்கத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் சார் படிக்க வரும்” என்றாள். “ரோபோன்னா புரியாதுல்ல.”

இது விளக்கமா, ஒப்புதல் வாக்குமூலமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எந்தப் பதிவிலும் நான் ஏற்றவில்லை. நோட்டைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதி வாங்கினேன். அதை இப்போதும் வைத்திருக்கிறேன். ‘என் நோட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டிருக்கிறாள். கறுப்பு மை.